கடலோரத்தில் ஐந்து நாள் மாணவர் முகாம்: என்ன வசதி வேண்டும், நாள் எப்படி ஓடும்?

கேள்வி இது: 12 முதல் 15 வயது வரையுள்ள 60 மாணவர்களையும் 10 பெரியவர்களையும் ஐந்து பகல், நான்கு இரவு கடலோர வெளிப்புறக் கல்வி முகாமுக்கு அழைத்துப் போக வேண்டும். இடத்தில் என்னென்ன வசதி பார்க்க வேண்டும், அன்றாடம் எப்படி நடக்கும், எங்கே சிக்கல் வரும்?

இடம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் படகுக் கொட்டகையைப் பார்ப்பார்கள், அடுத்து படுக்கையறை. வரிசையை மாற்றிப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டி, குளியலறை வடிகால், துணி காயப்போடும் இடம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகான கயாக்கில் இரண்டு குறைந்தாலும் முகாம் நடக்கும். ஆனால் மூன்றாம் நாள் ஈரத்துணியும் உப்பு அரித்த தோலும் அரைத் தூக்கமுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. அந்த அரைத் தூக்கத்தில்தான் விபத்தும் வரும்.

தண்ணீர்க் கணக்கு. தலைக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 முதல் 4 லிட்டர், சமையலுக்கு 4 முதல் 5, கையும் பாத்திரமும் கழுவ 8 முதல் 10, கழிவறைக்கு அதே அளவு, குளிக்க 15 முதல் 20. கூட்டினால் 45 லிட்டரை ஒட்டி வரும். 70 பேருக்கு 3,150 லிட்டர். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் கழுவ இன்னொரு 300, 400 லிட்டர். ஆக ஒரு நாளுக்கு 3,500. மோட்டார் பழுதானால் ஒரு நாள் தாக்குப்பிடிக்க இரண்டு நாள் இருப்பு, அதாவது 7,000 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். பேரிடர்க்காலத் தங்குமிடங்களுக்கான ஸ்பியர் கையேடு தலைக்கு 15 லிட்டரைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. சில முகாம்கள் அதைக் காட்டி "போதும்" என்பார்கள். தினமும் உப்புநீரில் இறங்கி வருகிறவர்களுக்கு அது போதாது.

"கிணறு இருக்கிறது, தண்ணீருக்குக் கவலையில்லை" என்று சொன்னால், மணிக்கு எவ்வளவு இறைக்கிறார்கள் என்று கேளுங்கள். கரையோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அடர்த்தி வேறுபாடு மிகச் சிறிது. அதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இறங்கும்போதும் இதே கணக்குதான். கிணற்று மட்டம் நிலையாக 10 சென்டிமீட்டர் குறைந்தால் அடியிலுள்ள உப்புநீர் எல்லை 4 மீட்டர் வரை மேலே வரப் பார்க்கும். 70 பேர் மாலையில் ஒரே நேரத்தில் குளிப்பதற்காகப் பெரிய மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கரிக்கத் தொடங்குவது இதனால்தான். சிறிய மோட்டார், மெதுவான இறைப்பு, பகலும் இரவுமாகப் பிரித்து மேல்தொட்டியை நிரப்புவது, இதுதான் சரியான ஏற்பாடு. ஒரு முறை உவர் ஏறிய கிணறு நீங்கள் கிளம்புவதற்குள் தெளியாது.

குடிநீருக்குக் குளோரின். 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரில் தொடங்கி, 30 நிமிடம் விட்டு, மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். எடை சரியாகப் போட்டும் அளவு எட்டவில்லை என்றால் முதலில் பவுடரைச் சந்தேகியுங்கள். கலங்கிய தண்ணீரும் குளோரினைத் தின்றுவிடும், வடிகட்டிய பிறகே போட வேண்டும்.

இனி துணி. கடலில் நனைந்த துணியை அப்படியே கொடியில் போட்டால் வெயிலில் காய்ந்ததுபோல் இருக்கும், இரவில் மறுபடி நசநசக்கும். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும். கடலோரத்தில் இரவுக் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆகவே முதலில் நன்னீர் அலசல், பிறகு காயப்போடுதல். ஒவ்வொரு துணியையும் குழாயடியில் அலசினால் தண்ணீர் தாங்காது. மூன்று பெரிய தொட்டிகள் வைத்து வரிசையாக முக்கி எடுங்கள். முதல் தொட்டி கரித்துப் போனதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக ஆக்குங்கள், புதுத் தண்ணீரைக் கடைசித் தொட்டியில் ஊற்றுங்கள். தலைக்கு 2 மீட்டர் கொடி என்றால் 70 பேருக்கு 140 மீட்டர். அதில் பாதியாவது கூரைக்கு அடியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சாயங்கால மழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கிளிப் இல்லாமல் காயப்போட்டால் கடற்காற்று துணியைக் கொண்டுபோய்விடும். பிள்ளைகளுக்குக் கடலுக்கான உடை இரண்டு சோடி, கரைக்கான உடை தனி. கடலுக்குப் போட்ட உடையோடு படுக்கை அறைக்குள் நுழையக் கூடாது என்பது முதல் நாளே சொல்ல வேண்டிய விதி.

மணலையும் வாசலில் தடுக்காவிட்டால் அது சாப்பாட்டில், படுக்கையில், குளியலறைக் குழாயில், டார்ச் விளக்கின் சுவிட்சில் எல்லாம் போய் உட்காரும். கரையிலிருந்து வரும் பாதையின் கடைசிப் பத்து மீட்டருக்கு மரப்பலகை நடைபாதை, அதன் முடிவில் கால் கழுவும் ஆழமில்லாத தொட்டி, அதைத் தாண்டினால் செருப்பு அடுக்கு, இந்த வரிசையில் இருந்தால் பெரும்பகுதி மணல் வெளியே நின்றுவிடும். குளியலறை வடிகால் நேரே கழிவுத்தொட்டிக்குப் போகக் கூடாது. நடுவில் மணல் படியும் ஒரு குழித்தொட்டி இருக்க வேண்டும், அதைத் தினமும் ஒருவர் அள்ளிக் கொட்ட வேண்டும். இது இல்லாத முகாமில் வார நடுவில் குளியலறைத் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம்.

குளியலுக்கு எட்டுப் பேருக்கு ஒரு குழாய் என்று வையுங்கள். 60 பேருக்கு எட்டு குழாய். ஒருவருக்கு உள்ளே போய் வர ஐந்து நிமிடம் என்றால் 40 நிமிடத்தில் முடியும். நனைய ஒரு நிமிடம், மூடிவிட்டுச் சோப்பு, அலச ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் குழாயில் இது 16 லிட்டர். குழாயைத் திறந்துவிட்டபடியே குளிக்க விட்டால் இது இரட்டிப்பாகும்.

கழிவறைக்கு ஸ்பியர் கையேடு சொல்வது 20 பேருக்கு ஒன்று. முகாமில் எல்லோரும் காலை ஒரே அரை மணி நேரத்தில் வருவார்கள், அதனால் பத்துப் பேருக்கு ஒன்று பாருங்கள். குழிக் கழிவறை என்றால் நிலத்தடி நீர் மூலத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். கரையோரத்தில் நீர்மட்டம் மிக மேலே இருப்பதால் பல இடங்களில் இது நிலத்துக்கு மேல் கட்டிய கழிவறையால்தான் முடியும். படியேறிப் போகும் கழிவறையைப் பார்த்தால் குறை சொல்லாதீர்கள், கட்டியவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

படுக்க அறையா, கூடாரமா என்பது வானிலையைப் பொறுத்தது. அறை என்றால் எதிரெதிர்ச் சன்னல், கொசுவலை, இரட்டை அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்குத் தடுப்புக் கம்பி, கட்டில்களுக்கிடையே தாராளமாக ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. கூடாரம் என்றால், மணலில் கடல் ஒதுக்கிய பாசியும் குச்சியும் கோடு போட்டுக் கிடக்குமே, அதைப் பார்க்க வேண்டும். பல கோடுகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே, நிலத்துப் பக்கமாக உள்ள பழைய கோட்டையும் தாண்டித்தான் கூடாரம். கரையோர மணல்மேட்டின் மேல் போடக் கூடாது, அங்கே மணலைப் பிடித்து வைத்திருக்கும் கொடிகள் மிதிபட்டுச் சாகும். மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்திலும் கூடாது, அது மழைநீர் வரும் வழி. மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, 40 முதல் 50 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் காற்று எவ்வளவு இழுத்தாலும் அசையாது. வாசல் காற்றுக்கு மறுபக்கம். ஜிப் பற்களில் உப்பு படிந்து மூன்றாம் நாள் இறுகும். பிடித்து இழுத்தால் பல் உடையும், நன்னீர் விட்டுக் கழுவி, மெழுகு தேய்த்தால் ஓடும்.

உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்பதை முகாமின் பராமரிப்பைச் சோதிக்கவே பயன்படுத்தலாம். மேல்கட்டில் போல்ட், கயாக் தொங்கும் கொக்கி, சன்னல் கீல், கேஸ் சிலிண்டரின் அடி வளையம் இவற்றைத் தொட்டுப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் மோசம். கடலோரத்துக்கு ஏற்றது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. சாதாரண 304 ரகத்தில் பழுப்புப் புள்ளி விழும். அலுமினியச் சட்டத்தில் எஃகுப் போல்ட் நேரடியாக முடுக்கியிருந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம்தான் அரிபடும், இடையே பிளாஸ்டிக் வாஷர் இருக்க வேண்டும். மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் கட்டாயம். அதன் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள். ஜெனரேட்டர் இருந்தால் படுக்கை அறைச் சன்னலிலிருந்து தள்ளி, காற்றுப் போகும் பக்கம்.

சமையலறை பற்றிச் சுருக்கமாக. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். சிலிண்டர் வெளியே, பள்ளமில்லாத இடத்தில் நிற்க வேண்டும். சமைத்த உணவு 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. படகில் போன குழு தாமதமாக வரும்போது அவர்களுக்கு எடுத்து வைத்த சாப்பாடுதான் பெரும்பாலும் இப்படிக் கெடும். பாத்திரத்துக்கு மூன்று தொட்டி: சோப்பு போட்ட வெந்நீர், அலசல் நீர், கடைசியில் கிருமிநீக்கி. 10 லிட்டர் தண்ணீரில் 5 விழுக்காட்டுத் திரவ பிளீச் 20 மில்லி விட்டால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கிடைக்கும், அது போதும். துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள், ஈரத்துண்டுதான் கிருமியைப் பரப்பும். வாந்தி பேதி வந்தவர் நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையல் பக்கம் வரக் கூடாது. முகாம்களில் ஒரே நாளில் பாதிப்பேரைப் படுக்கவைக்கும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி.

இப்போது நாள் அட்டவணை. உணவு நேரம், மருந்து நேரம், எண்ணிக்கை எடுக்கும் நேரம், விளக்கணைக்கும் நேரம் ஆகியவை நகரக் கூடாது. மற்றதெல்லாம் கடலுக்கும் காற்றுக்கும் ஏற்ப நகரும். "தினமும் காலை 9 மணிக்குப் பாறைக்குளம்" (கடல் வற்றும்போது பாறைகளுக்கிடையில் தேங்கும் குளங்களைப் பார்ப்பது) என்று ஒரு முகாம் அச்சடித்துக் கொடுத்தால் அவர்கள் கடலைப் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம்.

பெரும்பாலான கரைகளில் கடல்நீருக்கு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் கடல் காலை 9 மணிக்கு வற்றினால் ஐந்தாம் நாள் 12.20-க்கு வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் ஆழம். பாறைக்குளம் பார்க்க அதுதான் நல்ல வாரம். அரைநிலா நாட்களில் வித்தியாசம் குறைவு, படகுக்கு அது சௌகரியம். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான், சில கடல்களில் ஏற்றவற்றமே சாண் அளவு. ஆகவே அந்த இடத்துக்கான அட்டவணையை வாங்காமல் திட்டம் எழுதாதீர்கள்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதைப் பெரியவர்கள் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். மொத்தம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 சென்டிமீட்டர், மூன்றாம் மணியில் 90. ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் தட்டையான கரையில் 90 சென்டிமீட்டர் ஏற்றம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விளிம்பு 45 மீட்டர் உள்ளே வரும். முதல் மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருப்பதால்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நிற்கும் மணல்திட்டு காய்ந்தே இருக்கும், அதற்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம் முதலில் நிரம்பிவிடும். பாறைக்குளத்துக்கு அடிவற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள், கடல் திரும்பியதும் ஏறிவிடுங்கள்.

பாறையில் மூடிய, பிடிமானமுள்ள செருப்பு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. பாசி வழுக்கும், பாறையில் ஒட்டியிருக்கும் கூரிய ஓடுள்ள கொட்டலசு காலைக் கிழிக்கும். அந்தக் காயம் சின்னதாக இருந்தாலும் நன்னீரால் நன்றாகக் கழுவி, உள்ளே துண்டு இல்லையென்று பார்த்து மூடுங்கள், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதே இடத்தில், அதே பக்கம் கீழாக மெல்ல வைக்க வேண்டும். கல்லின் அடியில் வாழ்பவை வெயில் பட்டால் காய்ந்து சாகும், மேல்பக்கத்துப் பாசி இருட்டில் அழுகும். வாளியில் எடுத்த உயிரினத்தைப் பத்து நிமிடத்தில் எடுத்த குளத்திலேயே விடுங்கள், வாளித் தண்ணீர் சீக்கிரம் சூடேறிவிடும்.

காற்றைப் பொறுத்தவரை வெயில் நாட்களில் முற்பகல் கழிந்து கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று எழும்பும், பிற்பகல் நடுவில் உச்சம். இரவும் விடியலும் நிலத்திலிருந்து கடலுக்கு. அதனால் கயாக்குக்குக் காலை நல்ல நேரம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நிலத்திலிருந்து வீசும் காற்றில் கரையோர நீர் கண்ணாடிபோல் இருக்கும், காற்று அலை எழுப்ப அங்கே தூரம் போதாது. இருநூறு மீட்டர் தள்ளிப் போனதும்தான் காற்றின் வேகம் தெரியும், அப்போது திரும்பி வருவது எதிர்க்காற்றில். புதியவர்களைக் கரையிலிருந்து கடல்பக்கம் காற்று வீசும்போது திறந்த நீரில் இறக்கவே கூடாது. காற்றடைத்த மிதவைகளுக்கு இது இரட்டை ஆபத்து. அளவு சொல்ல வேண்டுமானால், ஆங்காங்கே வெள்ளை நுரைத்தலைகள் தெரியத் தொடங்குவது, காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவுகோலில் 3, மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். மாணவர் கயாக்குக்கு அதுதான் என் வரம்பு. நுரைத்தலைகள் அடிக்கடி தெரிந்தால் போஃபோர்ட் 4, எல்லோரும் கரையில்.

ஆகவே ஐந்து நாள் திட்டம் இப்படி அமையும். மேலே சொன்ன உதாரணத்தில் முதல் இரண்டு நாள் பாறைக்குளமும் காலையில் விழுகிறது, காற்றில்லாத நேரமும் காலையில். அதனால் அந்த நாட்களில் காலை பாறைக்குளம், பிற்பகல் வரைபடம், திசைகாட்டி, கரை அளவெடுப்பு போன்ற நில வேலைகள். நான்காம் நாளுக்குள் வற்றம் நடுப்பகலை ஒட்டி நகர்ந்துவிடும், அன்று காலை கயாக்குக்கு. மூன்றாம் நாளை இலேசாக வையுங்கள். உடல் அலுப்பு அன்றுதான் தெரியும். காலில் இடறல், சண்டை, அழுகை எல்லாம் அன்றுதான் கூடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நிழலில் கட்டாய ஓய்வு ஐந்து நாளும் உண்டு, அதைப் "பாடத்துக்கு நேரமில்லை" என்று வெட்டாதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிரும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை என்று பிள்ளைகளுக்கே பார்க்கத் தெரியும்.

தொப்பி, முழுக்கைச் சட்டை முதலில், வெயில்தடுப்புக் கிரீம் பிறகு. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத கிரீமை வெளியே போவதற்கு 20 நிமிடம் முன்பு பூச வேண்டும். உடல் முழுவதுக்கும் பெரியவருக்கு ஒரு முறை 35 மில்லி ஆகும், பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடலிலிருந்து ஏறியதும் ஒருமுறை. காது மடல், பாதத்தின் மேல்பக்கம், முழங்காலின் பின்புறம், மறக்கும் இடங்கள் இவைதான். மணலும் நுரையும் கதிரைத் திருப்பி அடிப்பதால் குடை நிழலும் முழுக் காப்பு அல்ல.

நீரில் இறங்கும் ஒழுங்கு. இறங்குமிடத்தைப் பெரியவர் ஒருவர் பத்து நிமிடம் உயரத்தில் நின்று பார்க்க வேண்டும். அலைகள் வரிசையாக உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கருத்து, நுரை கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தால் அது உள்ளிழுக்கும் ஓட்டம். தெரியாதவர்கள் "இங்கேதான் அலையில்லை" என்று அங்கேயே இறங்குவார்கள். மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்து, கையை உயர்த்தி, கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேற வேண்டும். கரையில் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருந்தால் இடையில் மட்டும் குளிக்கலாம், சிவப்பு என்றால் அபாயம், இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டது, ஊதா என்றால் இழுதுமீன் (ஜெல்லி மீன்) போன்ற கடல் உயிரிகள். இடுப்பளவுக்கு மேல் போகாமல் மிதவைகளால் எல்லை கட்டுங்கள். எட்டு மாணவருக்கு ஒரு பெரியவர் நீரில், அவரைத் தவிர வேறு வேலையில்லாமல் கரையில் நின்று பார்க்கும் ஒருவர். அவர் படமெடுக்கக் கூடாது, பேசக் கூடாது. மூழ்குகிறவர் கத்துவதில்லை. நிமிர்ந்தபடி, வாய் நீர்மட்டத்தில், கை பக்கவாட்டில் நீரை அழுத்த, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஜோடி முறை, எண் வில்லைப் பலகை இரண்டும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் வில்லை, இறங்கும்போது பலகையில் "நீரில்" பக்கம் மாற்றிவிட்டு இறங்க வேண்டும், ஏறியதும் திருப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விசில், ஜோடிகள் கைகோத்து நிற்க, எண்ணிப் பலகையோடு ஒப்பிட வேண்டும். இது தடுமாறுவது எப்போதும் முடிவில்தான்: ஒரு பிள்ளை வில்லையைத் திருப்பாமல் கழிவறைக்குப் போயிருக்கும். அப்படியானாலும் முதலில் கடலில்தான் தேட வேண்டும், ஒருவர் மட்டும் கழிவறைக்கு ஓடலாம்.

கயாக்கில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை, அதாவது லைஃப் ஜாக்கெட். அதன் மிதக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள்: 50 நியூட்டன் வகை நீந்தத் தெரிந்தவர்களுக்கு, அமைதியான நீருக்கு. மயங்கியவரை அது முகம் மேலாகத் திருப்பாது. 100, 150 நியூட்டன் வகைகள் அந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை. எல்லாக் கொக்கியும் போட்ட பிறகு இரு தோள்பட்டையையும் பிடித்துத் தூக்குங்கள். காதுவரை வந்தால் பெரிய அளவு, மாற்றுங்கள். வெயிலில் காயப்போட்ட சட்டையின் துணி வெளிறி வலுவிழக்கும், அலசி நிழலில் தொங்கவிடுங்கள். கயாக்கின் வடிகால் அடைப்பான் இறுகியிருக்கிறதா என்று இறக்குமுன் ஒருவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதைத் தளர்த்தி வைத்துக் காயவிடும் வழக்கம் இருப்பதால் மறுநாள் மூட மறப்பார்கள். 15 முதல் 20 மீட்டர் எறிகயிறு, நீர் புகாப் பையில் தொலைபேசி, படகு போகும் இடமென்றால் படகுகள் பேசும் வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசை.

இடி: மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் 30 நொடிக்குக் குறைவென்றால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நீரிலிருந்தும் திறந்த கரையிலிருந்தும் எல்லோரும் கட்டடத்துக்குள். கூடாரம் காப்பல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே.

மணலில் குழி தோண்டுவதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. கூட்டத்திலேயே குட்டையான பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஓரம் சரிந்து மூடினால் ஈரமணலின் எடையில் மூச்சுவிட மார்பு விரியாது. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதலுதவிப் பெட்டியோடு வெந்நீர் ஏற்பாடும் இருக்க வேண்டும். திருக்கை முள், சில இழுதுமீன் கொட்டு இவற்றின் வலிக்கு 45 டிகிரி அளவு சூடான நீர் உதவும். திருக்கைக்கு 30 முதல் 90 நிமிடம், கொட்டுக்கு 20 நிமிடம் முதல். சூட்டைக் கொட்டுப்பட்டவரின் கையால் சோதிக்காதீர்கள், அது மரத்திருக்கும், வெந்துபோவது தெரியாது. இழுதுமீன் கொட்டினால் கடல்நீரால் அலசி, இழைகளை இடுக்கியால் எடுங்கள். நன்னீர் ஊற்றுவது, மணலால் தேய்ப்பது இரண்டும் இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களை வெடிக்க வைக்கும். பெட்டி வடிவ இழுதுமீன் உள்ள கடல்களில் வினிகரை 30 நொடியாவது ஊற்ற வேண்டும். எல்லா இனத்துக்கும் அது பொருந்தாது, அங்கே எது வரும் என்று உயிர்காப்பாளரிடம் முன்பே கேட்டு அதற்குரிய முறையை எழுதி ஒட்டுங்கள். முள் மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்கு. மூழ்கி மூச்சு நின்றவருக்குத் தேவை காற்று, வெறும் நெஞ்சழுத்தம் போதாது. முதலில் மூச்சு கொடுத்து, பிறகு அழுத்தம் தொடங்கும் பயிற்சி குறைந்தது நான்கு பெரியவர்களுக்காவது இருக்க வேண்டும். தேறி எழுந்தாலும் இருமிக்கொண்டே இருந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தீர்ந்தால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆஸ்துமா உறிஞ்சி (இன்ஹேலர்) அறையில் இருந்து பயனில்லை, அந்தப் பிள்ளையின் குழுத்தலைவர் இடுப்பிலுள்ள நீர்புகாப் பையில் இருக்க வேண்டும்.

மாலையில் முகாம் நெருப்பு போட்டால் மணல் போட்டு மூடாதீர்கள். மணல் சூட்டை உள்ளேயே காக்கும், பல மணி நேரம் கழித்தும் வெறுங்கால் வைத்தவர் தோல் உரியும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கை வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் அந்தப் பருவத்தில் நெருப்பே வேண்டாம். கடல்பக்கம் தெரியும் வெள்ளை விளக்குகளை அணைத்து, தாழ்வான, மூடிய, சிவப்பு அல்லது செம்மஞ்சள் விளக்கு மட்டும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகர்பவை, கடலை விட்டுச் சமையலறைப் பக்கம் வந்துவிடும்.

இரவில் கழிவறைக்குப் போக இருவராக, டார்ச்சுடன். முதல் இரண்டு இரவு வீட்டு நினைப்பு அதிகம் இருக்கும். அறைக்கு ஒரு பெரியவர் எங்கே படுத்திருக்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் படுக்குமுன்பே காட்டிவிடுங்கள். விளக்கணைத்த பிறகு படுக்கை படுக்கையாக எண்ணுங்கள், அறை வாசலில் நின்று "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்பது எண்ணிக்கை அல்ல.

கிளம்பும் நாளில் கடல் நிகழ்ச்சி வைக்காதீர்கள், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். நான்காம் நாள் மாலையே லைஃப் ஜாக்கெட், நீச்சலுடை, கயிறு எல்லாம் கடைசி அலசல் முடிந்து கொடியேறிவிட வேண்டும். ஈரமாகப் பையில் போன நியோப்ரீன் (ரப்பர் போன்ற) நீச்சலுடை வீடு போய்ச் சேருமுன் நாறத் தொடங்கும், பூசணமும் பிடிக்கும். காலையில் படுக்கையை உதறி, மணல் குழித்தொட்டியை அள்ளி, துடுப்பு, ஜாக்கெட், எறிகயிறு எண்ணிக்கையை வந்த நாள் பட்டியலோடு ஒப்பிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஒரு ஜாக்கெட் குறைந்தால் பெரும்பாலும் அது கொடிக்குப் பின்புறப் புதரில் கிடக்கும்.